தையல்காரர் எழுதிய கடிதம்: 'டீப் ஸ்பேஸ் நைன்' முடிந்த இடத்தில் தொடங்கிய நாவல்

1999 ஜூன் மாதத் தொடக்கத்தில் 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் கடைசி எபிசோட் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. அதில் டொமினியன் என்ற விண்வெளிப் பேரரசோடு நடந்த போர் முடிகிறது. கார்டாசியா என்ற கிரகம் இடிந்து கிடக்கிறது. மருத்துவர் ஜூலியன் பஷீர் தன் நண்பர் எலிம் கேரக்கிடம் விடைபெற வருகிறார். செத்தவர்கள் எண்ணிக்கை 80 கோடியைத் தொட்டுவிட்டது, கணக்கு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. பல வருடம் ஊருக்குத் திரும்ப முடியாமல் ஏங்கிக் கிடந்த கேரக், திரும்பி வந்த அன்று பார்ப்பது இதைத்தான். நாங்கள் மற்றவர்களுக்குச் செய்ததற்கு இது கிடைக்க வேண்டியதுதான் என்று சொல்பவர்களும் இருப்பார்கள் என்கிறார். நிச்சயம் மறுபடி சந்திப்போம் என்று பஷீர் சொன்னதற்கு, காலம் நிச்சயமில்லாதது என்று சொல்லிவிட்டு நிற்கிறார்.

சில நிமிடங்கள்தான். அப்புறம் கேமரா விண்வெளி நிலையத்துக்குத் திரும்பிவிடுகிறது. பாட்டு, விருந்து, பழைய நினைவுகள், ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவது. தொடர் தன் மனிதர்களை அன்போடு வழியனுப்பி வைக்கிறது. அந்த எபிசோட் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும். அந்த 80 கோடிப் பிணங்களை யார் எடுத்தார்கள்? மறுநாள் காலையில் கேரக் எங்கே கண்விழித்தார்?

அந்தக் கேள்விக்கு 2000-இல் ஒரு நாவல் பதில் சொன்னது. பெயர் 'எ ஸ்டிட்ச் இன் டைம்'. பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட 'டீப் ஸ்பேஸ் நைன்' நாவல் வரிசையில் 27-வது. எழுதியவர் ஆண்ட்ரூ ராபின்சன், திரையில் கேரக்காக நடித்தவர்.

தொடரை ஒட்டி வரும் நாவல் என்றாலே ரசிகர்களுக்கான கொசுறு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் எடுத்துக் கொடுக்க என் கையில் இருக்கும் சான்று இந்தப் புத்தகம். முடிந்துபோன தொடரை எழுத்தில் தொடர்வது என்றால் என்ன வேலை, அது எங்கே கூடிவருகிறது, எங்கே பிசகுகிறது என்பதெல்லாம் இந்த ஒரே புத்தகத்தில் தெரிகிறது. தொடர் ஓட்டிய வண்டியை இவர் மேற்கொண்டு ஓட்டவில்லை. தொடருக்கு நேரமில்லாமல் போன வேலையை எடுத்துச் செய்தார். என் கட்சி இதுதான். இனி கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் பேச முடியாது, நாவலையோ தொடரையோ புதிதாகத் தொடங்க இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கடை வைத்திருந்தவர்

1993 ஜனவரியில் தொடர் தொடங்கியது. பஜோர் என்ற கிரகத்தைச் சுமார் ஐம்பது வருடம் ஆக்கிரமித்திருந்த கார்டாசியர்கள் அப்போதுதான் வெளியேறியிருக்கிறார்கள். அவர்கள் கட்டிய விண்வெளி நிலையத்தை பல கிரகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் படையான ஸ்டார்ஃப்ளீட்டும் பஜோரியர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். கார்டாசியர்கள் எல்லோரும் போன பிறகும் ஒரே ஒரு கார்டாசியர் அங்கே தங்கிவிடுகிறார். துணி தைக்கிறார். ஏன் போகவில்லை என்று யாருக்கும் தெரியாது.

கேரக் முதலில் ஒரு எபிசோடுக்கான சின்ன வேடம்தான். ராபின்சன் அதற்கு முன் ஓடோ வேடத்துக்குத் தேர்வுக்குப் போயிருந்தார், அது ரெனே ஓபர்ஷோனுவாவுக்குப் போய்விட்டது. 1971-இல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தின் கொலைகாரனாகத்தான் அவரைப் பலருக்குத் தெரியும். அந்த முதல் எபிசோடில் உணவு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர் பஷீரிடம் கேரக் வந்து பேச்சுக் கொடுக்கிறார். தான் சாதாரணத் தையல்காரன் என்கிறார். கிளம்பும்போது பஷீரின் இரண்டு தோளிலும் மெதுவாகக் கையை வைத்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். பஷீருக்கு வியர்த்துவிடுகிறது. இவர் உளவாளிதான் என்று பார்க்கிற நமக்கும் தோன்றிவிடுகிறது. அந்தக் கையை மறக்க முடியாமல்தான் அடுத்த சீசனில் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நாவலைப் புரிந்துகொள்ள இரண்டாம் சீசனின் 'தி வயர்' எபிசோட் அவசியம். கேரக்கின் மூளைக்குள் ஒரு கருவி இருக்கிறது. யாராவது பிடித்துச் சித்திரவதை செய்தால் வலிக்குப் பதிலாக இன்பம் தரும்படி அவருடைய உளவு அமைப்பு வைத்து அனுப்பியது. ஊரைவிட்டு விரட்டப்பட்ட வேதனை தாங்காமல் அவர் அதைத் தானே இயக்க ஆரம்பிக்கிறார், நாளடைவில் நிறுத்தவே முடியாத பழக்கமாகிறது. இப்போது கருவி பழுதாகிச் சாகக் கிடக்கிறார். காப்பாற்றப் போராடும் பஷீரிடம், தான் ஏன் நாடு கடத்தப்பட்டேன் என்று மூன்று கதைகள் சொல்கிறார். மூன்றும் வேறு வேறு. மூன்றிலும் எலிம் என்று ஒருவன் வருகிறான். கடைசியில் உளவு அமைப்பின் முன்னாள் தலைவர் எனாப்ரன் டெய்னிடம் பஷீர் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது, எலிம் என்பது கேரக்கின் முதல் பெயர். எதுதான் உண்மை என்று கேட்டால், எல்லாம் உண்மைதான், பொய்கள் இன்னும் உண்மை என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது.

ஆக, ராபின்சன் கையில் இருந்தது தன் வாழ்க்கையைச் சொல்லவே சொல்லாத ஒரு மனிதர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினால் அந்த மனிதரையே கொன்றுவிட வாய்ப்புண்டு. மர்மம் தீர்ந்துபோன கேரக் வெறும் ஓய்வுபெற்ற உளவாளி. நாவலின் முதல் சிக்கல் இதுதான்.

நோட்டுப் புத்தகம்

மேடை நடிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேடம் கைக்கு வந்ததும் அந்த மனிதரின் பிறப்பு, வளர்ப்பு, பள்ளிக்கூடம், முதல் காதல் எல்லாவற்றையும் தாங்களே எழுதி வைத்துக்கொள்வார்கள். வசனத்தில் ஒரு வரியும் வராது, நடிப்புக்கு அடியில் உரமாகக் கிடக்கும். ராபின்சன் மேடையில் ஊறியவர். கேரக்குக்காக அவர் ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார், கேரக்கின் குரலிலேயே. ரசிகர் மாநாடுகளுக்குப் போகும்போது வழக்கமான கேள்வி பதிலோடு நிறுத்தாமல் அதிலிருந்து பக்கங்களை வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கங்கள்தான் வளர்ந்து நாவலானது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்டார் ட்ரெக் நடிகர்கள் நாவலில் பெயர் போடுவது அப்போது புதிது இல்லை. வில்லியம் ஷாட்னர், கேப்டன் கிர்க்கின் கதைகளை ஜூடித், கார்ஃபீல்ட் ரீவ்ஸ்-ஸ்டீவன்ஸ் தம்பதியோடு சேர்ந்து எழுதினார். 'க்யூ'வாக நடித்த ஜான் டி லான்சிக்குப் பீட்டர் டேவிட் துணை இருந்தார். இதே தொடரில் குவார்க்காக நடித்த ஆர்மின் ஷிமர்மன், டேவிட் ஆர். ஜார்ஜ் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதினார். அதில் தப்பு ஒன்றும் கிடையாது. நடிப்பும் நாவலும் வேறு வேறு தொழில். ராபின்சன் மட்டும் துணை இல்லாமல் தனியாக உட்கார்ந்து எழுதினார். அந்தத் தனிமை பக்கங்களில் தெரிகிறது. வாக்கியங்கள் சில இடங்களில் நீண்டு சுற்றிக்கொள்கின்றன, கை தேர்ந்த வணிக எழுத்தாளர் வெட்டியிருப்பார். ஆனால் குரல் ஒரு பக்கம்கூடப் பிசகவில்லை. ஏழு வருடம் அந்த மனிதரின் வாயாக இருந்தவருக்கு, கேரக் ஒரு வாக்கியத்தை எந்த இடத்தில் தேனில் தோய்ப்பார், எந்த இடத்தில் கத்தியை உருவுவார் என்பது யோசிக்காமலே வருகிறது.

யாருக்குச் சொல்கிறார்?

மர்மம் கெடாமல் வாழ்க்கைக் கதை சொல்ல ராபின்சன் கண்டுபிடித்த வழி கடிதம். நாவல் முழுவதும் இடிந்த கார்டாசியாவிலிருந்து கேரக் பஷீருக்கு எழுதும் ஒரே நீளமான கடிதம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எத்தனை காரியம் இதில் நடக்கிறது பாருங்கள். முதலாவது, கேரக் ஊருக்கெல்லாம் வாக்குமூலம் கொடுக்கவில்லை, ஒரே ஒருவரிடம் பேசுகிறார். இத்தனை வருடம் மதியச் சாப்பாட்டு மேசையில் பொய்யாகவே சொல்லிக் கேட்க வைத்த ஒருவரிடம். அந்த ஆளுக்கு உண்மையைச் சொல்லத் துணிவதே ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. இரண்டாவது, கடிதம் எழுதுபவர் எதையும் விட்டுவிடலாம், மாற்றிச் சொல்லலாம். பொய்தான் கூடுதல் உண்மை என்று சொன்னவர் எழுதும் கடிதம் இது என்பதை நாம் மறப்பதில்லை. 'தி வயர்' எபிசோடின் மூன்று கதைகளுக்கு நான்காவதாக ஒன்று கிடைக்கிறது. இது கடைசிதானா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. மர்மம் பிழைத்துக்கொள்கிறது.

மூன்று காலங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று கேரக்கின் சிறுவயதும் உளவு வாழ்க்கையும். இரண்டு, போரின் கடைசிக் கட்டத்தில் விண்வெளி நிலையத்தில் அவர் எழுதும் நாட்குறிப்பு. மூன்று, போருக்குப் பிந்தைய கார்டாசியா. தையல்காரர் மூன்று துண்டுகளையும் ஒட்டுகிறார். 'எ ஸ்டிட்ச் இன் டைம்' என்பது ஆங்கிலப் பழமொழியின் முதல் பாதி. காலத்தோடு போட்ட ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சம் பிடிக்கும் என்பது முழுப் பழமொழி. தலைப்பில் விட்டுப்போன சொல் 'நைன்', தொடரின் பெயரில் இருப்பதும் அதுதான்.

சிறுவயதுப் பகுதி அடர்த்தியானது. டோலன் என்ற தோட்டக்காரரைத் தந்தை என்று நம்பி வளர்கிறான் எலிம். அம்மா மிலா, டெய்னின் வீட்டை நிர்வகிப்பவர். தொடரில் மிலா டெய்னின் வீட்டுப் பணிப்பெண்ணாக வருகிறார், கேரக்குக்கு என்ன உறவு என்று தொடர் வாய்திறந்து சொல்லவில்லை. நாவல் சொல்கிறது. டெய்ன்தான் தன்னைப் பெற்றவர் என்பது தொடரிலேயே, டெய்ன் சாகும் காட்சியில் வெளிப்பட்டுவிடுகிறது. நாவல் அந்த இடைவெளியில் டோலனைக் கொண்டுவந்து வைக்கிறது. மண்ணைக் கிளறக் கற்றுக்கொடுத்த அப்பா ஒருவர், மனிதர்களைக் கிளறக் கற்றுக்கொடுத்த அப்பா ஒருவர். கார்டாசியாவின் பழைய நாகரிகமான ஹெபிட்டியர்களின் முகமூடி ஒன்றையும் டோலன் அவனுக்குக் காட்டுகிறார். படையும் உளவும் வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் வேறு மாதிரி மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி.

பிறகு பாமரன் என்ற பயிற்சிக்கூடம். நம் பாமரனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் தமிழில் படிக்கும்போது அந்தப் பெயர் ஒரு நொடி நிறுத்துகிறது. உள்ளே போனதும் பெயரைப் பறித்துக்கொள்கிறார்கள். எலிம் 'பத்து லூபாக்' ஆகிறான், லூபாக் பிரிவின் பத்தாம் ஆள். கூடப் படிக்கிறவர்களுக்கும் எண்தான். நண்பனின் பெயர் தெரியாமலே நட்பு, விரும்பும் பெண்ணின் பெயரே ஒரு ரகசியம். வனாந்தரத்தில் பயிற்சி நடக்கும்போது ரெக்னார் என்ற பல்லி ஒன்றைப் பார்க்கிறான். இருக்கும் இடத்தோடு இடமாக நிறம் கலந்து மறைந்துவிடும் உயிர். அசையாமல் இருப்பது எப்படி என்று அதனிடமிருந்து கற்கிறான். கொண்டு வந்து வளர்க்கிறான். அதற்கு வைக்கும் பெயர் மிலா.

இதைப் படித்துவிட்டுக் கேரக் வரும் முதல் எபிசோடைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தோளில் கை வைக்கும் கேரக்குக்குள் கல்லோடு கல்லாகப் பதுங்கிய அந்தச் சிறுவன் தெரிவான். தொடர்ச்சியாக வந்த நாவல் பின்னோக்கிப் போய்த் தொடரின் ஒரு அசைவுக்கு அர்த்தம் சேர்த்துவிடுகிறது.

அவன் கண்கள்

இந்த நாவலைப் பற்றி யாராவது ஒரே ஒரு உதாரணம் கேட்டால் டாக்டர் பார்மக்கைச் சொல்வேன்.

மூன்றாம் சீசனில் 'தி டை இஸ் காஸ்ட்' என்று ஒரு எபிசோட், 1995-இல் வந்தது. கேரக் தன் பழைய தலைவர் டெய்னோடு மறுபடி சேர்ந்துவிட்ட மிதப்பில் இருக்கிறார். பழைய கதைகள் பேசுகிறார்கள். அதில் ஒன்று டாக்டர் பார்மக்கை விசாரித்த கதை. கேரக் அவரைத் தொடவே இல்லை. ஒரு கேள்வியும் அதட்டிக் கேட்கவில்லை. நான்கு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். பார்மக் உடைந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவன் கண்கள், அவன் கண்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் இந்தக் கதை கேரக்கின் திறமைக்கு ஒரு சின்ன விளம்பரம். பார்மக் என்ற மனிதர் திரைக்கு வருவதில்லை. பெயர் ஒருமுறை உச்சரிக்கப்படுகிறது, முடிந்தது.

ராபின்சன் அந்தப் பெயரை மறக்கவில்லை. நாவலில் போருக்குப் பிந்தைய கார்டாசியாவில் கேரக் ஒரு மருத்துவ உதவிக் குழுவில் வேலை செய்கிறார். வேலை என்றால் இடிபாட்டைக் கிளறுவது, பிணத்தை எடுப்பது, எப்போதாவது உயிரோடு யாராவது கிடைத்தால் தூக்கிவருவது. புழுதி நிறைந்த காற்று. குழுவின் மருத்துவர் கேலஸ் பார்மக். அதே பார்மக். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். பார்மக் கேரக்கின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார்.

தொடரில் ஒரு நிமிடம்கூட வராத செய்தி, நாவலில் ஒரு மனிதராக எழுந்து நிற்கிறது. வதைத்தவனும் வதைபட்டவனும் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டிய நிலை. மெல்ல மெல்ல அவர்களுக்குள் ஒரு நட்பு வளர்கிறது. அந்த வளர்ச்சியை ராபின்சன் அவசரப்படுத்தவில்லை. நான்கு மணி நேரம் பார்த்த கண்ணைத் திரும்ப ஒருமுறை நேராகப் பார்க்க ஒரு மனிதருக்கு எவ்வளவு காலம் ஆகுமோ, அவ்வளவு காலம் கொடுக்கிறார்.

வீடு என்று கேரக்குக்கு மிஞ்சியது டெய்ன் வீட்டு வளாகத்தில் இருந்த தோட்டக் கொட்டகை. டோலனின் கருவிகள் இருந்த இடம். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டும் மனிதர் கேரக், ஏழாம் சீசனில் அதற்காகவே ஒரு எபிசோட் உண்டு. அவர் ஒரு கொட்டகையில் வாழ்கிறார். பெரிய வீடு கல் குவியலாகக் கிடக்கிறது. அந்தக் கற்களை அடுக்க ஆரம்பிக்கிறார். திட்டம் ஒன்றும் கிடையாது, கை சும்மா இருக்கவில்லை. அடுக்கியவை மெல்ல உருவம் பெறுகின்றன. அக்கம் பக்கத்தில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்குகிறார்கள். தங்கள் இறந்தவர்களை நினைத்து அழ அவர்களுக்கு வேறு இடம் இல்லை. உளவுத் தலைவரின் மாளிகைக் கற்கள் செத்தவர்களின் நினைவிடமாகின்றன. தோட்டக்காரர் வளர்த்த பிள்ளை அதைக் கட்டுகிறார்.

இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது 1945-இல் ட்ரெஸ்டனிலும் பெர்லினிலும் எடுத்த புகைப்படங்கள் என் கண்முன் வந்தன. பெண்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றும் படங்கள். அடுத்த நாட்டை ஆக்கிரமித்து, முகாம் கட்டி, கொன்று குவித்த ஒரு சமூகம், கடைசியில் தன் கூட்டாளியின் கையாலேயே அழிகிறது. டொமினியனுக்கு எதிராகக் கார்டாசியப் படை திரும்பியதும் மக்களையே ஒழிக்க உத்தரவு வருகிறது, தொடரில் அப்படித்தான். அந்த மக்களுக்காக அழலாமா? அழலாம் என்கிறது நாவல். அழும்போதே பஜோரில் என்ன செய்தோம் என்பதையும் மறக்காதே என்கிறது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது கேரக்கின் ஒவ்வொரு நாளிலும் தெரிகிறது. வாரம் ஒரு எபிசோட், விண்கலம், சண்டை என்று ஓடும் தொலைக்காட்சிக்கு இந்த வேலை செய்ய நேரம் கிடைக்காது. நாவலுக்குக் கிடைத்தது.

நூல் தொங்கும் இடங்கள்

குறைகள் இருக்கின்றன. பாலன்டைன் என்ற பெண்ணை கேரக் காதலிக்கிறார், அவளுடைய கணவன் பார்கன் லோகாரைக் கொல்கிறார், அதனால் நாடு கடத்தப்படுகிறார். இதுதான் அந்த நான்காவது கதை. எத்தனையோ வருடம் காத்திருந்த ரகசியத்துக்கு முக்கோணக் காதல் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. பாலன்டைன் பயிற்சிக்கூடத்தில் உயிரோடு இருக்கும் அளவுக்குப் பின்னால் இல்லை, கேரக்கின் ஏக்கமாகச் சுருங்கிவிடுகிறாள்.

உளவுப் பணிகளும் ஓட்டமாக ஓடுகின்றன. போருக்குப் பின் நடக்கும் அரசியல், அதாவது மக்களாட்சி கேட்கும் அலோன் கெமோர் பக்கமும் பழைய படைப்பெருமையைத் தூக்கிப் பிடிக்கும் பக்கமும் மோதுவது, நல்ல விஷயம். ஆனால் கோட்டோவியமாகவே நின்றுவிடுகிறது. இடிபாட்டில் ஒரு பிணத்தை எடுக்கும் பக்கத்துக்கு இருக்கும் கனம் மேடைப் பேச்சுக்கு இல்லை. ராபின்சனின் பலம் உடம்பிலும் குரலிலும் இருக்கிறது, கட்சி அரசியலில் இல்லை. நடிகர் எழுதிய நாவல் என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம்.

அப்புறம் நடந்தது

ஸ்டார் ட்ரெக் உலகில் ஒரு பழைய விதி உண்டு. திரையில் வந்ததுதான் கணக்கு, அதற்குப் பெயர் கேனான். நாவலில் எது நடந்தாலும் நாளைக்கு ஒரு புதிய தொடர் அதை இல்லாமல் செய்துவிடலாம். ஆகவே நாவலாசிரியர் எப்போதும் வாடகை வீட்டில் இருப்பவர் மாதிரி. ஆணி அடிக்கலாம், சுவரை இடிக்கக் கூடாது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த நாவல்களில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், காரணம் இதுதான்.

1999-க்குப் பிறகு 'டீப் ஸ்பேஸ் நைன்' மனிதர்களுக்குத் திரையில் வேலை இல்லாமல் போனது. அதுவே நாவல்களுக்கு விடுதலை. 2001-இல் எஸ்.டி. பெர்ரி எழுதிய 'அவதார்' இரண்டு பாகங்களாக வந்தது. தொடர் முடிந்த பிறகான கதையை முறையாகத் தொடங்கி வைத்தது அது. பதிப்பாசிரியர் மார்கோ பால்மியரி. புதிய அதிகாரிகள் நிலையத்துக்கு வந்தார்கள், சிலர் செத்தார்கள், சிலர் வேறு ஆளாக மாறினார்கள். மாற்றம் நிலைத்தது. ராபின்சனின் புத்தகம் அந்த வரிசைக்கு முன்னால் வந்தது என்றாலும் அங்கே பேசப்பட்ட கார்டாசியா பெரும்பாலும் அவர் வரைந்த கார்டாசியாதான். 2003-இல் வந்த தொகுப்பு ஒன்றில் அவரே கேரக் பற்றி இன்னொரு சிறுகதையும் எழுதினார்.

அந்த மண்ணை அதிகம் உழுதவர் யூனா மெக்கார்மக். 2009-இல் அவர் எழுதிய 'தி நெவர்-எண்டிங் சாக்ரிஃபைஸ்' நாவலின் தலைப்பே 'தி வயர்' எபிசோடில் கேரக் பஷீருக்குப் படிக்கச் சொல்லும் ஒரு கார்டாசிய நாவலின் பெயர். அந்த எபிசோடில் பஷீருக்கு அது அலுப்புத் தட்டுகிறது. ஏழு தலைமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நாட்டுக்காக வாழ்ந்து மடிவதை எப்படிச் சுவையாகப் படிப்பது என்பது அவர் குறை. மெக்கார்மக் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, இரண்டாம் சீசனில் ஒரே எபிசோடில் வந்து போன ருகல் என்ற சிறுவனின் வாழ்க்கையை எழுதினார். பார்மக் என்ற ஒற்றைப் பெயரிலிருந்து ஒரு மனிதரை எழுப்பிய அதே பாணி. அவருடைய அடுத்த நாவல்களில் கேரக் தூதராகிறார், பிறகு கார்டாசியாவின் ஆட்சித் தலைவராகிறார். பார்மக்கும் கூடவே வருகிறார்.

2020-இல் 'ஸ்டார் ட்ரெக்: பிகார்ட்' தொடர் வந்தது. நாவல்கள் ஒரு திசையில் கொண்டுபோன வருடங்களைத் திரை வேறு திசையில் கொண்டுபோனது. நாவலில் கேப்டன் பிகார்டுக்கும் அவருடைய கப்பலின் மருத்துவர் பெவர்லிக்கும் திருமணமாகி ஒரு பிள்ளை இருக்கிறான். தொடரில் அந்த வாழ்க்கையே கிடையாது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் நாவல் வரிசையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். இங்கே எழுத்தாளர்கள் அப்படி விடவில்லை. டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மாக் மூவரும் 2021-இல் 'கோடா' என்ற பெயரில் ஆளுக்கொரு நாவல் எழுதி, இருபது வருடமாக வளர்த்த அந்தக் கதை உலகத்தைத் தங்கள் கையாலேயே முடித்து வைத்தார்கள். இருட்டான புத்தகங்கள் அவை, எல்லோருக்கும் பிடிக்கவில்லை. வாசகர்களை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தாமல் கூப்பிட்டு உட்கார வைத்து விடைகொடுத்ததற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ராபின்சனின் புத்தகம் இந்த முடிவுக்கெல்லாம் தப்பித்துத் தனியாக நிற்கிறது. அச்சுப் பிரதி பல வருடம் கிடைக்காமல் இருந்தது. 2023-இல் ஒலிப்புத்தகமாக வந்தபோது வாசித்தவர் ராபின்சனே. 1942-இல் பிறந்தவர், எண்பதைத் தாண்டிய குரல். கடிதம் எழுதும் கேரக்குக்கு அந்த வயது கூடுதலாகப் பொருந்துகிறது. வாக்கியத்தின் நடுவில் அவர் மூச்சு வாங்கும் இடங்கள் எழுத்தில் படித்தபோது எனக்குத் தெரியாமல் போன இடங்கள்.

கடிதம் முடியும் இடத்தில் கேரக் பஷீரைக் கார்டாசியாவுக்கு வரச் சொல்கிறார். எப்போது வேண்டுமானாலும் வரலாம், கதவு திறந்திருக்கும் என்ற தொனியில். 2000-இல் எழுதப்பட்ட இந்த அழைப்புக்கு நாவல் உலகில் 2017-இல் பதில் வந்தது. வேறு இரண்டு எழுத்தாளர்கள் எழுதினார்கள். டேவிட் மாக்கின் நாவலில் பஷீர் மனம் சிதைந்து, பேச்சு நின்று, அசைவற்றவராகிறார். அவரைக் கார்டாசியாவுக்குக் கொண்டுவந்து கேரக்கின் பொறுப்பில் விடுகிறார்கள். அதே வருடம் வந்த மெக்கார்மக்கின் 'எனிக்மா டேல்ஸ்' நாவலில், நாட்டை ஆளும் கேரக்கின் வீட்டில் பஷீர் இருக்கிறார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. கேரக் மறுபடியும் அவருக்குக் கடிதம் எழுதுகிறார், ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் மனிதருக்கு.